நாலு பேருக்குத்தான் அனுமதி

ஜூலை 2, வியாழன்

விடியும்போதே மழை. செம்பனைப் பழம் ஏற்றும் லோரிகள் தோட்டத்துக்குள் போக முடியவில்லை. ஆபீசில் கணக்கெழுதும் வேலை குறைவு. உட்கார்ந்து மகள் பவித்ராவைப் பார்க்கப் போகும் ஏற்பாட்டை முடித்துவிட்டேன்.

ஜொகூர் கடற்படைப் பயிற்சி முகாமிலிருந்து தகவல் வந்தாயிற்று. அணிவகுப்பு 11, சனி. ஒரு பிள்ளைக்கு நாலு பேர்தான். முடிந்ததும் பிள்ளையை வெளியே அழைத்துப் போகலாம். சாயந்தரம் திரும்ப விட்டுவிட வேண்டும். பிறகு அவளுக்கு லூமுட் கடற்படைத் தளத்தில் வேலை.

எடுக்க வேண்டியவை: கோழி ரெண்டாங், நெத்திலி சம்பல், முறுக்கு, கறுப்புக் காலுறை, நல்லெண்ணெய். மல்லிகைச் சரம் (பூக்கடையில் முன்கூட்டியே சொல்ல). குடை.

நாலு பேர்: நான், இவர், சாரதா அக்கா, அக்கா மகன் தினேஷ்.

அக்கா முன்பு தோட்ட லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. இப்போது கோலா குபு பாருவில் இருக்கிறார். தினேஷுக்கு அரசாங்க ஆபீசில் வேலை, குடி கிடையாது, பார்க்கவும் லட்சணம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டில் வைத்துச் சொன்னால் ப. சீறுவாள். அங்கே வெள்ளை உடுப்பில் மிடுக்காக நிற்பாள், அவர்கள் பார்ப்பார்கள், பேசுவார்கள், காரியம் முடிந்தது. இதைவிட நல்ல நேரம் அமையாது. ப.விடம் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை.

ஜூலை 4, சனி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

இவர் லோரியைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்தார்.

"பிள்ள நம்மளப் பாக்கத்தானே வரச் சொல்லுது. எதுக்கு ஊரைக் கூட்டிக்கிட்டு?"

"ரெண்டு பேரு ஒரு ஊரா?"

வாயை மூடிக்கொண்டார். ஆனால் தங்கச்சியிடம் மட்டும் மூடவில்லை. மத்தியானம் நாத்தனார் லெட்சுமி போன் போட்டுப் பிடித்துக்கொண்டாள். "நான் தூக்கி வளத்த பிள்ள. என்னை விட்டுட்டு எவளையோ கூட்டிக்கிட்டுப் போறீங்களா அண்ணி?" சீட்டு இருந்தால் கூட்டிப் போக மாட்டேனா என்றேன். பட்டென்று வைத்துவிட்டாள். தீபாவளிக்குள் சரியாகிவிடுவாள்.

மறக்காமல்: கார் டயருக்குக் காற்று.

ஜூலை 5, ஞாயிறு

ப. கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் பயிற்சிப் பிள்ளைகள் கையில் போன் கொடுக்கிறார்கள், அதுவும் கொஞ்ச நேரம். தொண்டை கட்டியிருந்தது. கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டதாம்.

"யார் யாரும்மா வர்றீங்க?"

"நானும் அப்பாவும்லா. வேற யாரு."

"நீங்க ரெண்டு பேரும் வந்தா போதும்மா. பேச நெறய இருக்கு. போன்ல முடியாது."

அதற்குள் வரிசையில் நிற்கிற அடுத்த பிள்ளைக்குப் போனைக் கொடுக்க வேண்டுமாம். என்ன பேச இருக்கிறதோ. அங்கே யாராவது பையனோ? அப்படியென்றால் இதைச் சீக்கிரம் முடிப்பது இன்னும் நல்லது.

பொய் சொன்னேன், தெரியும். நல்ல காரியத்துக்குத்தான்.

ஜூலை 8, புதன்

சம்பல் கிண்டியாயிற்று. ஆபீசுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனேன், எல்லாரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், "கிராணியம்மா, மக நேவியா, இல்ல நீங்களா? ஆர்டர் எல்லாம் நீங்கதான் போடுறீங்க" என்றார். சிரித்துவிட்டேன்.

சாரதா அக்கா பட்டுப் புடவை ஒன்று எடுத்து வருகிறாராம். சாப்பாட்டுக் கடையில் ப. கட்டிக்காட்டினால் ஒரு படம் எடுக்கலாமாம். நல்ல யோசனை. நாலு பேர் அடையாள அட்டை நம்பரும் முகாமுக்கு அனுப்பியாச்சு.

ஜூலை 10, வெள்ளி

கோத்தா திங்கி வந்து சேர்ந்தாயிற்று. ராத்தங்கும் வாடகை வீடு சுத்தம், தலையணைதான் கல். அக்காவுக்கு வழியெல்லாம் வாந்தி. தினேஷ் பாதி தூரம் ஓட்டினான். நிதானம். பேச்சு மட்டும் இல்லை. இவரும் அவனும் எஞ்சின் ஆயில் பற்றி மட்டும் பேசினார்கள். பூ வாடாமல் ஈரத்துணியில். எல்லாம் நான் நினைத்தபடியே நடக்கிறது.

ஜூலை 11, சனி. கார் நிறுத்தத்தில், அவசரமாக

அணிவகுப்பு முடிந்தது. எத்தனை வெள்ளைத் தொப்பி. பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "மூணாவது வரிசை, ஓரத்துலருந்து ரெண்டாவது." பார்த்தேன். கறுத்து, இளைத்து, கம்பு மாதிரி நேராக. அழுதுவிட்டேன். பெருமை. நெஞ்சு கொள்ளாத பெருமை. இதோ வருகிறாள்

அதே நாள், திரும்பும் வழியில்

ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிடி இரும்பு. பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"இவங்க யாரும்மா?"

"சாரதா ஆண்ட்டிம்மா. மறந்துட்டியா? இது தினேஷ்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறவில்லை. அங்கே முகம் மாறாமல் நிற்கவும் பழக்கியிருப்பார்கள் போல. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

கடையில் அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், தினேஷ் எதிரே. கொண்டுபோனதை நான் பரிமாறினேன். தொப்பியைக் கழற்றினாள். முடி காதோடு வெட்டியிருந்தது. எனக்கே திக்கென்றது. சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே குத்துவது என்று தெரியாமல் நின்றேன்.

"முடி வளந்துரும்ல?" என்றார் அக்கா. புடவையை எடுத்தார்.

"யூனிபார்மை வெளிய மாத்தக் கூடாது ஆண்ட்டி. சாரி."

அக்கா கேட்டுக்கொண்டே போனார்: சமைப்பியா, கப்பலில் ஆம்பிளைகளும் இருப்பார்களா, எத்தனை வருசத்துக்குக் கையெழுத்து, பிள்ளை பிறந்தால் என்ன செய்வாய். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். தினேஷ் தட்டை விட்டு நிமிரவே இல்லை. அப்புறம் நேரமாகிவிட்டது. முகாம் வாசலில் அக்காவுக்குக் கை கூப்பினாள். எனக்கு, "பாத்துப் போங்கம்மா."

ஜூலை 12, ஞாயிறு

வீடு. உடம்பெல்லாம் வலி. ரெண்டாங் பாதி திரும்பி வந்துவிட்டது. பூ குப்பைத் தொட்டியில்.

காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், நேற்று நான் அவளிடம் என்ன பேசினேன் என்று. சாப்பிடு. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. ஆண்ட்டிக்குத் தண்ணி ஊத்து. சிரிச்ச மாதிரி இரு. அவ்வளவுதான்.

இவரிடம் கேட்டேன், உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா என்று. கடைக்கு வெளியே, நான் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தபோது, சொன்னாளாம்.

"மொத மாசமே ஓடி வந்துரலாம்னு இருந்துச்சாம். ஒசரத்துலருந்து கடல்ல குதிக்கச் சொல்லிருக்காங்க. உள்ள போயி மேல வர முடியாம மூச்சு முட்டிருச்சாம். ரெண்டு நாளு எந்திரிக்கல. மறுபடியும் போயி குதிச்சிருக்கு."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட சொல்லத்தான் வச்சிருந்துச்சு. நீதான் பந்தி போட்டுக்கிட்டு இருந்தியே."

 குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 13, திங்கள்

மழை. சாரதா அக்கா போன். பிள்ளை அடக்கமாக இருக்கிறதாம், பிடித்திருக்கிறதாம். முடி வளரட்டுமாம். பிறகு, "அந்த வேலைய மட்டும் விட்டுட்டா தேவலடி."

"அவ விட மாட்டா அக்கா. விடச் சொல்லி நானும் கேக்க மாட்டேன். அவளக் கேக்காம உங்களக் கூட்டிக்கிட்டுப் போனது என் தப்பு. இத்தோட விட்டுருவோம்."

அக்காவுக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை. போனை வைத்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறக்காமல்: லெட்சுமி வீட்டுக்கு மீதி முறுக்கைக் கொடுத்தனுப்ப.

ஜூலை 19, ஞாயிறு

வெயில். ப. லூமுட்டுக்கு வந்துவிட்டாள். போன் இனிமேல் அவள் கையிலேயே. நான்தான் கூப்பிட்டேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழம உனக்கு லீவா?"

"மத்தியானம் வரைக்கும். ஏம்மா?"

"வர்றேன். சித்தியவான் ரோடு வழியா. நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்."



"யாரெல்லாம் வர்றாங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டும்."

"அப்பா?"

"அப்பாகிட்டதான் நீ பேசிட்டியே. எங்கிட்ட இன்னும் பேசலல்ல."

 பின்னால் யாரோ மலாய் மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, ஏமாத்த மாட்டீங்கல்ல?"

பெற்ற தாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். மாட்டேன்டா என்றேன்.