கண்ணுக்கு கெரோக்கா?

சுரபாயா, மார்ச் 3

அன்புள்ள அம்மா,

ஹாங்காங்ல இன்னும் குளிருதா? முதல்ல பெரிய செய்தி: நம்ம தம்பி டாமர் பேட்மின்டன் அரையிறுதிக்கு வந்துட்டான்!!! ஆனா ஆட்டத்தைப் பாக்கும்போது எனக்குப் பந்து மூணா தெரிஞ்சுது, ஒவ்வொண்ணுக்கும் வால் வேற. ரூமி சித்தி கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால தள்ளுதாம், இடது கண்ணுல வேகமா. விட்டா கருவிழியையே மாத்த வேண்டி வருமாம். மேல கெரோக் பண்ணி, மருந்து விட்டு, ஒளி காட்டினா நிறுத்திடலாமாம். எனக்குப் பதினேழுதானே, உன் சம்மதம் வேணும்.

கண்ணைக் கசக்காதேன்னு நீ கத்துவியே, டாக்டரும் அதையேதான் கத்தினாரு.

உன் வெனிங்

ஹாங்காங், மார்ச் 5

என் கண்ணு வெனிங்,

கெரோக்கா? காய்ச்சல்னா உன் முதுகுல தைலம் தடவி, காசால கோடு கோடா சுரண்டுவேனே, அதையா கண்ணுல பண்ணப் போறான்? அவன் டாக்டரா, தேங்கா துருவுறவனா? நான் சம்மதிக்க மாட்டேன். சித்தியையும் நல்லா கேக்கப் போறேன்.

அம்மா

சுரபாயா, மார்ச் 6

அம்மா அம்மா அம்மா,

காசு இல்ல! தைலமும் இல்ல! உன் மெயிலை டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டினேன், மாஸ்க் நழுவுற அளவு சிரிச்சாரு. "எங்கம்மாவும் என்னைச் சுரண்டித்தான்மா வளர்த்தாங்க, இது வேற"ன்னாரு. மரத்துப்போக மருந்து விட்டு, மெல்லிசான மேல்தோலை மட்டும் எடுப்பாங்க, அது சில நாள்ல வளந்துடும். அப்புறம் மஞ்சளா வைட்டமின் சொட்டு, அது மேல புற ஊதா ஒளி. கருவிழி இறுகிக்கும். போன பார்வை வராது, இருக்கிறது மேல போகாம நிக்கும், அவ்ளோதான்.

நீ வேண்டாம்னதும் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. அவ்ளோ பயம். ஆனா வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிடுச்சு.

வெனிங்

ஹாங்காங், மார்ச் 7

கண்ணு,

டாக்டருக்கு போன் பண்ணி ரெண்டு தடவை திட்டினேன், ரெண்டு தடவையும் பொறுமையா பதில் சொன்னாரு. சம்மதம் எழுதி அனுப்பிட்டேன். பயமா இருந்தா சித்தி கையைப் பிடிச்சுக்கோ. அவ கத்தினாலும் விடாதே.

அம்மா

சுரபாயா, அக்டோபர் 12

அம்மா!!!

சிகிச்சை முடிஞ்சு முதல் மூணு நாள் கண்ணுல மிளகா சம்பல் அரைச்சு வெச்ச மாதிரி எரிஞ்சுதே, அதுக்கெல்லாம் பலன் வந்துடுச்சு! இன்னைக்குக் கண்ணைப் படம் எடுத்தாங்க. ரெண்டு கண்ணுலயும் கூம்பு துளிகூட கூடல. நின்னுடுச்சு! கெட்டியான லென்ஸ் போட்டா பந்து ஒண்ணே ஒண்ணுதான்!

வெனிங்

ஹாங்காங், அக்டோபர் 13

என் கண்ணே,

படிச்சதும் அடுப்படியிலேயே உக்காந்து அழுதுட்டேன். முதலாளியம்மா ஓடி வந்து, "யார் செத்தாங்க?"ன்னு கேட்டாங்க. "யாரும் சாகலம்மா, என் பொண்ணு கண்ணு நின்னுடுச்சு"ன்னேன். பாவம், அவங்களும் உக்காந்து என்னோட அழ ஆரம்பிச்சிட்டாங்க. இது நல்ல சேதின்னு புரிய வைக்கிறதுக்குள்ள சோறு தீஞ்சு போச்சுடி. தீஞ்ச சோத்தை ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே தின்னோம்.

அம்மா