ஒரு சைஸ் பெரிய டயர்

8 மார்ச் 1966, செவ்வாய்

காலையில் கரண்ட் போய்விட்டது. எங்கள் கம்பெனியில் பன்னிரண்டு மெஷினும் நின்றன. மெஷின் சத்தம் நின்றால் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் தலைவலி. சும்மா உட்காரப் பிடிக்காமல் ஷெட்டுக்குப் போய்க் காரைத் துடைத்தேன். முன் இடதுபக்க டயரில் நூல் தெரிகிறது. பனியன் கம்பெனி செக்கிங்கில் பதினோரு வருடம் உட்கார்ந்தவளுக்கு நூல் தெரிந்தால் போதும், கிழியப்போகிறது என்று வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சீமைக் காருக்கு டயரு கெடைக்கறதுன்னா லேசுப்பட்ட காரியமா புள்ள? கோயமுத்தூரு போயித்தான் பாக்கோணும்" என்றார்.

சீமைக் கார் என்று பெருமையாகச் சொல்கிறார். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் மூச்சு விட முடியாது. ஆனாலும் எனக்கு அதன்மேல் ஆசைதான். எல் போர்டு வாங்கி ஒரு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பூருக்கு வருகிறார். அன்றைக்கு எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

எங்கள் நல்லூரில் எந்தப் பொம்பளை கார் ஓட்டுகிறாள் என்று கேட்கிறார்களாம். சாரதாமணி ஓட்டுகிறாள், போதுமா?

11 மார்ச், வெள்ளி

டயர் வந்துவிட்டது. ஸ்டெப்னியோடு ஐந்து.

பழைய டயரில் 5.00 - 14 என்று இருக்கிறது. புதியதில் 5.90 - 14. எண் வேறாக இருக்கிறதே என்றேன்.

"பதினாலுங்கறது ரிம்மு. அது சரியாத்தான் இருக்குது. தடிமன்தான் கொஞ்சம் கூட. நம்ம சைசு வர்றதுக்கு இன்னும் மூணு மாசம் ஆகுமாமா."

"ஏனுங்க, இதுக்குக் கிட்டத்துல வேற சைசே இல்லீங்களா?"

"அஞ்சு இருவது இருந்துச்சு. அது ரொம்ப ஒட்டுனாப்புல இருக்கும்னு உட்டுட்டேன். ஒரு சைசு கூடத்தான் இருக்கட்டுமே. பொறவு சரியாயிரும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பனியன் துவைத்தால் சுருங்கும். அதனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு சைஸ் கூட எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லியே இவருக்கு நாக்கு பழகிவிட்டது. டயர் கடையில் போயும் அதே நாக்கு! "நொய்யல் ஆத்துல போட்டு ரெண்டு அலசு அலசிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "உன்ற லொள்ளு இருக்குதே" என்று வெளியே போனார்.

போனபிறகு இஞ்ச் டேப் எடுத்து இரண்டு டயரையும் சுற்றி அளந்தேன். பழையது எழுபத்தைந்து அங்குலம். புதியது எண்பது. நம் பனியனும் எழுபத்தைந்துக்கு அடுத்தது எண்பதுதான். பனியனுக்கு சென்டிமீட்டர் கணக்கு என்பது வேறு விஷயம். மனிதர் ஒரு சைஸ் என்றால் சரியாக ஒரே சைஸ்தான் கூட வாங்கியிருக்கிறார்.

13 மார்ச், ஞாயிறு

உள்ளதைச் சொல்ல வேண்டும். வண்டி உயர்ந்து நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாட்டு வண்டித் தடத்தில் நடுவில் மேடு இருக்கும், முன்பெல்லாம் அதில் காரின் அடிவயிறு உரசும், எனக்குப் பல் கூசும். இன்று உரசவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முனகுகிறது. ஸ்டியரிங் கனம். இடதுபக்கம் நன்றாக ஒடித்தால் எங்கேயோ 'கர்' என்கிறது. "புதுசுன்னா அப்படித்தான், ஓட ஓடச் சரியாயிரும்" என்கிறார். எல்லாம் சரியாகிவிடும் இவருக்கு.

22 மார்ச், செவ்வாய்

இவர் கோயமுத்தூர் போய் வந்தார். எப்போதும் மீட்டரில் முப்பத்திரண்டு மைல் காட்டும், இன்று முப்பதுதானாம். அடுப்படிக்கே வந்து, "ஏம்புள்ள, டயரு சுருங்கல. ரோடுதான் சுருங்கிப்போச்சு!" என்றார். பத்து நாளாக யோசித்து வைத்திருந்த பதில் போலிருக்கிறது. சரி, ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டருக்குத் தெரிந்தது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும். பெரிய டயர் ஒரு சுற்றில் ஐந்து அங்குலம் அதிகம் போகிறது, அது மீட்டருக்குத் தெரியாது.

30 மார்ச், புதன்

ரிவர்ஸ் பழகினேன். வேப்பமரம் தப்பித்தது.

15 ஏப்ரல், வெள்ளி

ஃபெயில்.

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

படிவத்தில் கணவர் பெயர் கேட்டிருந்தார்கள். கந்தவேல் என்று எழுதும்போது கை கூசியது. அதுதான் இன்றைக்குப் பெரிய கஷ்டம் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. மைதானத்தில் இரண்டு டிரம் வைத்திருந்தார்கள். நடுவில் இடதுபக்கம் ஒடித்துத் திரும்பி, எதையும் தொடாமல் வெளியே வர வேண்டும். நேராக ஓட்டினேன், கியர் போட்டேன், கை காட்டினேன், எல்லாம் சுத்தம். திரும்பும்போது முழுசாக ஒடித்தேன் - கர்ர்ர் என்று டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகும் வாசம். வெடித்துவிடுமோ என்று பயந்து கையைத் தளர்த்தினேன். அவ்வளவுதான். டிரம் உருண்டு ஓடுகிறது. சுற்றி நின்ற லாரிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், அத்தனை பேருக்கும் அப்படியொரு சிரிப்பு. ஏன்டா, உங்க லாரி எதுலயும் இடிச்சதே இல்லையாடா?

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "நீங்க நல்லாத்தாம்மா ஓட்டறீங்க. வண்டிதான் திரும்பல. இந்த டயர் யார் செலக்‌ஷன்?" என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தார். "இதைச் சரிபண்ணிட்டு அடுத்த மாசம் வாங்க. டிரம்முல இடிச்சதுக்கு நான் எப்படி லைசென்ஸ் தர முடியும்?"

வீட்டுக்கு வந்ததும் இவர் சமாதானம் சொன்னார். அடுத்த மாதம் வேறு யாருடைய காரையாவது கேட்டு வாங்கிக்கொண்டு போகலாமாம். ஓட்டப்போவது இந்தக் காரை, பாஸ் பண்ணுவது ஊரான் காரிலா? மாட்டேன் என்றேன். "அப்படியென்ன புள்ள அவசரம்? ஓட்டறதுக்கு நான்தான் இருக்கறனே" என்றார்.

"போன தீவாளிக்கு எங்கீங்க இருந்தீங்க?"

கேட்டுவிட்டேன். ஐந்து மாதமாகக் கேட்காமல் வைத்திருந்தது. போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு இவர் மதுரைக்கு ஆர்டர் விஷயமாகப் போயிருந்தார். வீரபாண்டி தாண்டி எங்கள் அம்மா தனியாக இருக்கிறாள். ஜுரம் வந்து ஜன்னி கண்டுவிட்டது என்று சைக்கிளில் ஆள் வந்து சொன்னான். ஷெட்டில் கார் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, ஓட்ட ஆள் இல்லை. மழையில் மாட்டு வண்டி பிடித்துப் போனேன். ஆறு மைலுக்கு இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் அம்மா செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொண்டாள் என்பதால் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

இவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

16 ஏப்ரல், சனி

பேசவில்லை.

17 ஏப்ரல், ஞாயிறு

மோர் கேட்டார். வைத்தேன். அது பேச்சில் சேராது.

20 ஏப்ரல், புதன்

இன்று பனியனுக்கு நீலம் போடும்போது ஒரு யோசனை வந்தது. நீலத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு போய், முன் மட்கார்டு இரண்டிலும் உள்பக்கம் பூராவும் பூசினேன். டயர் எங்கே உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? பூசிக்கொண்டிருக்கும்போதே இவர் வந்து நின்றார். என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, நான் கை காட்டியபடி இடதும் வலதும் ஒடித்து ஒடித்துக் காரை மெதுவாக நகர்த்தினார்.

வலதுபக்க டயர் சுத்தம். இடதுபக்க டயரின் தோளில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு நீலம். மட்கார்டின் விளிம்பு உள்ளே மடங்கி நிற்கிறதே, அந்த இடம். இவ்வளவுதானா! இந்த இரண்டு விரலுக்கா அத்தனை பேர் முன்னால் நான் அவமானப்பட்டேன்!

இவர் குனிந்து பார்த்துவிட்டு, "அஞ்சு இருவதே வாங்கியிருக்கலாம் புள்ள" என்றார். ஐந்து நாளில் முதல் வார்த்தை. வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. சொல்லாமல் விட்டேன். மூக்கில் நீலம் அப்பியிருந்தது அவருக்கு, அதைத் துடைத்துவிட்டேன்.

26 ஏப்ரல், செவ்வாய்

ஒர்க்‌ஷாப்பில் மட்கார்டை ரம்பத்தால் அறுத்துவிடலாம் என்றார்களாம். அறுத்த துணியும் அறுத்த தகரமும் ஒன்றுதான், ஓரம் நிற்காது. வேண்டாம் என்றேன்.

நீலம் கரைக்கும் அண்டா வாய் நெளிந்திருந்தது. அதை அனுப்பர்பாளையத்தில் கிட்டுசாமியின் பாத்திரப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். இவர் ஓட்டினார். கிட்டுசாமி சுத்தியலால் தட்டித் தட்டி அண்டா வாயை மடித்துச் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இந்த வேலையக் காருக்குப் பண்ண முடியுமுங்களா?"

அவர் எழுந்து வந்து மட்கார்டைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் சுண்டிப் பார்த்தார். "தகரம் நல்லாத்தான் இருக்குதுங்க. அண்டா வாயக் காட்டியும் இது லேசுங்க. சக்கரத்தக் கழட்டுங்க சாமி" என்று இவரிடம் சொன்னார். ஒரு மணி நேரம். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பைத் தட்டி மடித்து, சுவரோடு சுவராகப் படுக்க வைத்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சொட்டைகூட இல்லை.

முடித்துவிட்டு உளியைக் கையில் எடுத்தபடி, "பேரு வெட்டட்டுங்களா?" என்றார். பாத்திரம் எது கொண்டுபோனாலும் அவர் கேட்பதுதான். பழக்க தோஷம், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "வெட்டுங்க" என்றேன். "ஆரு பேருங்க?" எங்கள் அம்மா கொடுத்த சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் என் பெயர்தான் இருக்கிறது. மட்கார்டுக்கு உள்ளே, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், புள்ளி புள்ளியாக 'சாரதாமணி'. இவரிடம் சொல்லவில்லை.

கூலியாக அவர் கேட்டது இரண்டு பனியன். எண்பத்தைந்து சைஸ் என்றார். இவர் உடனே, "தொண்ணூறு எடுத்துக்குங்க, தொவைச்சா சரியாயிரும்" என்றார். நான் காருக்குள் போய் உட்கார்ந்து சிரித்தேன்.

20 மே, வெள்ளி

பாஸ்! பாஸ்! பாஸ்!

அதே மைதானம், அதே இரண்டு டிரம். முழுசாக ஒடித்தேன், சத்தமே இல்லை. இரண்டு டிரம்முக்கும் நடுவில் பூனை மாதிரி வெளியே வந்தேன். லாரிக்காரர்களில் ஒருவர் விசில் அடித்தார். இன்ஸ்பெக்டர் மறுபடியும் குனிந்து பார்த்து, "அதே டயர்தானே?" என்றார். ஆமாங்க என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

12 ஜூன், ஞாயிறு

தனியாகப் போனேன்.

விடிந்ததும் கிளம்பினேன். இவர் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். கூட வருகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. "மேட்டுல ரெண்டாவது கியரு போட்டுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். தெரு முனையில் கண்ணாடியில் பார்த்தேன், இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

வீரபாண்டிக்கு அப்பால் தடம் முழுவதும் நடுவில் மேடுதான். எங்கேயும் உரசவில்லை. அம்மா சாணி வாளியோடு வெளியே வந்தாள். முன் சீட்டைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்க கண்ணு?"

"ஊட்டுல இருக்கறாருங்கம்மா."

"அப்பறம் ஆரு ஓட்டிட்டு வந்தது?"

நான் சாவியை ஆட்டிக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நடு ரோட்டுல நின்னுபோயிருந்தா என்னடி பண்ணியிருப்பே? பொட்டப்புள்ளைக்கு இத்தனை தைரியம் ஆகுமா?" என்று திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. மாரியம்மன் கோயில் வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். வழியில் பார்த்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "என்ற புள்ளதான் ஓட்டறா" என்றாள். எனக்கு ஸ்டியரிங்கே தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்தேன். அம்மாவிடம் போக வர எப்போதும் பன்னிரண்டு மைல். இன்று கோயிலுக்குப் போனதைக் கழித்தால் பதினொன்றுதான்.

14 ஜூன், செவ்வாய்

கோயமுத்தூர் டயர் கடையிலிருந்து கம்பெனிக்கு ட்ரங்க் கால். நான் அடுத்த மேஜையில் பனியன் மடித்துக்கொண்டிருந்தேன். நம் பழைய சைஸ் வந்துவிட்டதாம், ஐந்து எடுத்து வைக்கட்டுமா என்று கேட்கிறார்கள்.

"அதுங்களா... அது பேரு வெட்டுன வண்டிங்க. பேருக்காரங்களக் கேட்டுத்தான் சொல்லோணும்" என்றார் இவர்.

என் கையிலிருந்த பனியன் அப்படியே நின்றுவிட்டது. எப்போது குனிந்து பார்த்தார்? எத்தனை நாளாகத் தெரியும்? போனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொல்லிருங்க."

"ஏன்னு கேப்பாங்களே?"

"எங்கம்மா ஊடு இப்பத்தான் கிட்ட வந்திருக்குது, மறுக்கா தூரமாக்க மாட்டேன்னு சொல்லுங்க."

கடைக்காரருக்கு என்ன புரிந்திருக்குமோ தெரியவில்லை. இவர் அப்படியே சொன்னார்.