குசினியில் வைத்த காற்று

செப்டம்பர் 14, சனி

விமானம் மறுபடியும் நின்றுவிட்டது. சீனக்குடா ஓடுபாதைக்கு முந்நூறு அடி மேலே, சுவரில் மாட்டிய படம்போல. முப்பத்தொரு வருடம் காணிக் கந்தோரில் அரச உத்தியோகத்தில் தரையை மட்டும் பார்த்தவன், ஓய்வுபெற்ற பின் கணினியில் பறக்க ஆசைப்பட்டால் இப்படித்தான்.

விமானம், உண்மையான வானிலையை இணையத்திலிருந்து இறக்கும் நிரல், வழி காட்டும் வரைபடம் – மூன்றையும் ஒரே கணினி சுமக்க ஏலாதாம். பழைய கணினி ஒன்றைக் கம்பியால் இணைத்து, துணை நிரல்களை அதில் ஓடவிட வேண்டும் என்று இணையத்தில் அனுபவசாலிகள் எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 15

வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே பிளக் பொயின்ற் குசினியில், ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில். பழைய கணினியை அங்கே வைத்தேன்.

“விமான நிலையம் கட்டுறதெண்டால் கட்டுங்கோ. என்ர அம்மிக்குக் கிட்ட வராதேங்கோ” என்றாள் தயாளினி.

செப்டம்பர் 17

இரண்டு கணினியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் இருந்தால்தான் நம்பிக்கை பிறக்குமாம். கலியாணமாகி இருபத்தொன்பது வருடம். என் கடவுச்சொல் தயாளினிக்குத் தெரியாது. இன்று குசினிக் கணினிக்குத் தெரியும்.

செப்டம்பர் 18

இணைந்தது. சீனக்குடாவில் இறங்கினேன். தேநீர் கேட்டேன். கிடைக்கவில்லை.

செப்டம்பர் 29

குசினி ஜன்னல் ஒழுங்கைச் சந்துப் பக்கம். வானிலை காட்டும் கணினித் திரை வெளியே தெரிகிறது. பக்கத்து வீட்டு ஸஹாப்தீன் நானா, படகுக்காரர், மதிலுக்கு மேலால் கேட்கிறார்: “தங்கச்சி, காத்து என்னமாதிரி?” தயாளினி வெங்காயம் உரித்தபடி சொல்கிறாள்: “மேற்கால கச்சான் காத்துத்தான். பன்னிரண்டு கிலோமீற்றர்.”

பத்து நாளாக இது நடக்கிறதாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் வெறும் விமானி.

ஒக்டோபர் 8

புயலில் இறங்கிப் பழகினேன். உண்மை வானிலையை நிறுத்திவிட்டு, மணிக்கு எண்பது கிலோமீற்றர் என்று நானே எழுதினேன். மூன்று தடவை விழுந்தேன். பயணிகள் யாரும் முறையிடவில்லை.

பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடந்தபோது பதினொரு படகு மணலில் கிடந்தது. கடலோ எண்ணெய் ஊற்றியதுபோல. “குசினியில புயல் எண்டாங்க” என்றார் ஒருவர்.

முன்னறையில் நான் எழுதியதைக் குசினித் திரை அப்படியே காட்டும். அதை எப்படி மறந்தேன்?

ஒக்டோபர் 9

ஸஹாப்தீன் நானாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவருடைய மருமகன் நிப்றாஸ் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தவேயில்லை.

“மாமா, பதினொரு படகயும் ஒரு விரலால கட்டிப்போட்டிரிக்கார் சேர்!”

அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 14

மீனவர் சங்கத்திலிருந்து கடிதம், முத்திரையோடு: “தாங்கள் புயல் போடுவதாயின் முதல்நாள் மாலை ஐந்து மணிக்கு முன்னர் செயலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவும்.”

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. எங்கள் கந்தோரில் இப்படி ஒரு கடிதம் நான் கண்டதில்லை.

ஒக்டோபர் 19

பத்து நிமிடப் பக்கக்காற்றுக்கு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். சூடை மீன் படுகிற நாளாம்.

நவம்பர் 26, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடியற்காலை குசினித் திரையில் காற்று அறுபத்தைந்து. நான் எழுதியதல்ல, உண்மையான வாடை. தயாளினி ஜன்னலால் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். நிப்றாஸ் எஞ்சினைத் தோளில் வைத்தபடி சிரித்தானாம்: “அது சேர்ட புயல் அக்கா. சங்கத்துக்கு அறிவிக்கல்ல போல.” கடலுக்குப் போய்விட்டான். வானொலியை யார் கேட்கிறார்கள்? குசினியைத்தான் கேட்கிறார்கள்.

பத்து மணிக்கு எங்கள் கூரைத் தகரம் ஒன்று பறந்தது. பதினொன்றுக்கு ஒழுங்கை முழுக்க ஆட்கள். ஸஹாப்தீன் நானா நனைந்தபடி முன்னறைக்குள் வந்து நின்றார். பின்னால் அவர் மகள் அஸ்மியா, நிப்றாஸின் மனைவி, ஏழு மாதம்.

“சேர், காத்த எடுங்க.”

“நானா, இது விளையாட்டு. வெளியில அடிக்கிறது வேற –”

“விளையாட்டெண்டு எனக்குத் தெரியாதா? அவன் உங்கட புயல் எண்டுதானே போனான். எடுங்க.”

கதிரையில் உட்கார்ந்தேன். உண்மை வானிலையை நிறுத்தினேன். காற்று: பூச்சியம். திரையில் சீனக்குடா கண்ணாடிபோல் கிடந்தது. வெளியே மாமரம் முறிந்தது.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. இரண்டு திரையும் கறுப்பு. பிறகு யாரோ ஓடி, மைக்செற் கடை ஜெனரேற்றரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நாலு பேர் அதற்கு மேல் தறப்பாள் பிடித்தார்கள். அந்த மழையில், ஒரு பொய்க் கடலில் காற்று வீசாமல் பார்த்துக்கொள்ள, நாலு பேர்.

“ஐயோ கெதியாப் போடுங்கோப்பா” – தயாளினி. என்னை விசரன், பைத்தியம் என்று சொல்லுகிற தயாளினி.

கணினி மறுபடி கேட்டது: உண்மை வானிலையை இறக்கவா? வேண்டாம். வேண்டாம். வேண்டாம். பூச்சியம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு கதிரையை விட்டு எழும்பவில்லை. மூத்திரத்துக்கும் போகவில்லை. சுட்டியின் கம்பியில் கை பட்டுக் காற்று மாறிவிடும் என்று பயம். எனக்கு! கறையான் புற்றைக் கும்பிட்டதற்காகச் சொந்தத் தம்பியைக் கேலி செய்தவனுக்கு!

மூன்றே முக்காலுக்கு ஸஹாப்தீன் நானாவின் போன் அடித்தது. குச்சவெளிக் கரையில் ஏறிவிட்டானாம். எஞ்சின் போய்விட்டது, வலை போய்விட்டது. ஆள் இருக்கிறான்.

அஸ்மியா தரையில் இருந்து அழுதாள். ஜெனரேற்றரை எடுத்துப்போனார்கள். நன்றி என்று யாரும் சொல்லவில்லை, நல்லவேளை.

நவம்பர் 28

நிப்றாஸ் வந்தான். சிரிக்கவில்லை. “இனி நான் ரேடியோவக் கேப்பன் சேர்” என்றான். நல்ல முடிவு என்றேன்.

நவம்பர் 29

குசினித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். சங்கத்துக்கும் எழுத்தில் அறிவித்தேன்.

டிசம்பர் 17

தயாளினி கேட்டாள்: “உண்மைக் காத்தைத் திருப்பிப் போடேல்லையே? சும்மா போய்ச் சும்மா இறங்குறியள். பார்க்கவே அலுப்பாக் கிடக்கு.”

கம்பியில் ஏதோ பிழை என்றேன். தினமும் அந்தக் கம்பியைத் துடைத்து வைப்பவள் அவள்தான். கேட்காமலே தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

டிசம்பர் 18

கொடியில் சேலை படபடக்கிறது. புது எஞ்சினோடு நிப்றாஸ் விடியவே கடலுக்குப் போய்விட்டான். ரேடியோ கேட்டுத்தான் போனானாம்.

திரையில் காற்று பூச்சியம். அவன் கரைக்கு வரட்டும். நான் கை வைக்கவில்லை.