செவ்வாய் மதியம்

மார்ச் 3, செவ்வாய்
காலையிலிருந்து புகார் போன்தான். எங்கள் கம்பெனி மெத்தை முனகுகிறதாம். நானும்தான் முனகுகிறேன், என்னை யார் மாற்றித் தருவார்கள்?

மதியம் அரை நாள் லீவு கேட்டேன். மகள் சிட்டுவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அக்கா செவ்வாய் மட்டும்தான் வருவார். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுதாம்மா கடைசி. அடுத்த செவ்வாயும் கிளம்புனீங்கன்னா குடோனுக்கு மாத்திடுவேன்."

குடோன் ஊருக்கு வெளியே. அங்கே போனால், சிட்டுவின் பள்ளி வேன் வருவதற்குள் வீடு திரும்பவே முடியாது.

மார்ச் 5, வியாழன்
மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளை வளர்க்கும் ஊழியர்களுக்கு ஆதரவுத் திட்டமாம்! ஆபீசில் அப்படி இருப்பது நான் ஒருத்திதான். திட்டம் என்ன? சிரிப்புப் பயிற்சி. எப்போது? செவ்வாய் மதியம்.

மார்ச் 9, திங்கள்
அக்காவிடம் வேறு கிழமை கேட்டேன். இல்லையாம்.

மார்ச் 10, செவ்வாய்
பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து விடுமுறை. சிட்டுவின் அப்பா லாரியோடு வெளியூரில். வேறு வழி? சிட்டுவைச் சக்கர நாற்காலியோடு ஆபீசுக்கே தள்ளிக்கொண்டு போனேன்.

மதியம் எனக்குத் துணையாக எல்லாரும் வட்டமாக நின்று ஹா ஹா, ஹீ ஹீ. கணக்குப் பிரிவு அண்ணனுக்கு விக்கல் வந்துவிட்டது. பிறகு மேனேஜர் "நம் நிறுவனத்தின் பெரிய மனசு" பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சிட்டு வாயால் பேச மாட்டாள். டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும்.

பேசியது. "போதும்."

மேனேஜர் செருமிக்கொண்டு தொடர்ந்தார்.

"போதும். போர் அடிக்குது."

அப்போதுதான் ஆபீஸ் நிஜமாகச் சிரித்தது. சிரிப்பு மாஸ்டர் மட்டும் உம்மென்று இருந்தார்.

மேனேஜர் குனிந்து, உனக்கு என்ன வேணும் பாப்பா என்று கேட்டார். அவள் கை ஒரு படத்தைப் போய்ச் சேர நேரமாகும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அக்கா. கிளாஸ்."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "இந்நேரம் அவ கிளாஸ்ல இருக்கணும் சார். எனக்குச் சிரிப்பு வேணாம், செவ்வாய் மதியத்த விட்டுடுங்க." குரல் உடைந்துவிட்டது — எல்லார் முன்னாலும்! கூட்டம் கலைந்தது.

மார்ச் 11, புதன்
குடோன்தான். குடோனேதான்.

மார்ச் 12, வியாழன்
மேனேஜர் கூப்பிட்டார். "போர் அடிக்குதுங்கிற படத்த அதுல போட்டுக் குடுத்தது யாரு?"

நான்தான் என்றேன்.

மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். "செவ்வாய் மதியம் கிளம்பிடுங்க. லீவுல சேக்க மாட்டேன். உங்க போன நான் பாத்துக்கறேன்."

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் யாரும் தேவைப்படவில்லை.

மார்ச் 18, புதன்
நேற்று என் போனை மேனேஜரே எடுத்தாராம். மெத்தை ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்று ஒருவர் புகார் சொல்ல, "அதனாலதான் சார் அதுக்கு மெத்தைன்னு பேரு" என்றிருக்கிறார். அந்த ஆள் மாலை வரை விடவில்லையாம்.

இன்று என் மேசைக்கு வந்து நின்றார். "அடுத்த செவ்வாயும் கட்டாயம் போகணுமாம்மா?"

"ஆமா சார்."

வழக்கமாக இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பேன். போன் அடித்தது. எடுத்தேன்.