வெயில் வராத கடல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

பெரிய படத்துக்கு முன்னோட்டமாக நீ வரைந்த சின்னக் கடல் படம் வந்து சேர்ந்தது. கூடத்தில் மாட்டினோம். நேற்று மத்தியானம் தூங்கி எழுந்த அம்மா, கண்ணாடி போடாமல் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, மழை கட்டிக்கிட்டு வருது, துணி!" என்று ஓடினாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. காயாத துணியெல்லாம் உள்ளே வந்துவிட்டது. நான் சிரித்தேன். "பொண்ணு அப்படி வரைஞ்சு வெச்சா நான் என்ன பண்ணுவேன்?" என்று எனக்குத் திட்டு. திட்டும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "என்ன சார், ஒரு சூரியன்கூட இல்லையே, பொண்ணுகிட்ட மஞ்சள் தீர்ந்துபோச்சா?" என்றார். அம்மா விடவில்லை. "உங்க கடல்ல சூரியன் லீவே போடாதா?" என்று கேட்டாள்.

கண்காட்சிக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பெரிய படத்தில் கொஞ்சம் வெயிலும் ஒரு சிவப்புப் படகும் சேர்த்தால் முன்கூடத்தில் மாட்டுவார்களாம்; இல்லையென்றால் பின்பக்க நடைவழியில். என்ன செய்யட்டும் என்று கேட்டாய்.

படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். வெறும் சாம்பல் பட்டைகள். நாலடி பின்வாங்கினேன், ஈர மணல்! ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை காய்வதற்குள் ஒரு மினுக்கம் காட்டுமே, அதே மினுக்கம். தொடுவானத்தை அடிக்கோல் வைத்து இழுக்காமல் ஓரிடத்தில் விரலால் தேய்த்து விட்டிருக்கிறாய். மழை அங்கேதான் பெய்கிறது.

இப்போது வானத்தில் மஞ்சள் வைத்தால், அது மணலிலும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மணல் பொய் சொல்லும். மணலையும் மாற்றினால் அது வேறொரு நாள். நீ கரையில் நின்று பார்த்த நாள் அல்ல. சிவப்புப் படகைப் பற்றி என்ன சொல்ல? அந்த மேகத்தின் கீழே எவன் பாய் விரிப்பான்?

முடிவு உன்னுடையது. மாற்றினாலும் நீ எங்கள் பிள்ளைதான். ஆனால் கேட்டாய், அதனால் சொல்கிறேன்: அதைத் தொடாதே, கண்ணு.

கண்காட்சிக்காக நாங்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நடைவழியில் மாட்டினால் மாட்டட்டும். யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று மட்டும் நினைக்காதே. அங்கே நிற்க இரண்டு பேர் வருகிறோம்.

நன்றாக இரு.

உன் அப்பா