உள்ஜிப்பில் ஒரு கவர்

ஜெர்லின் அப்பாவுக்கு,

பெட்டியில் கசகசா வைத்தது நான். குருமாவுக்கு ஆகும் என்று மசாலாப் பொடிகளோடு சேர்த்துக் கட்டினேன். நீங்கள் வேலைக்குப் போன நாட்டில் அது போதைப்பொருள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கோ, அது பெட்டியில் இருந்ததே தெரியாது.

அப்புறம் ஏன் விமான நிலையத்தில் போலீசாரிடம் “நானேதான் கட்டினேன்” என்று சொன்னீர்கள்? பனியன் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தினமும் என்னைக் கேட்கிற மனிதர், பெட்டி கட்டினாராம்!

சூரமங்கலத்தில் பஸ் ஏறிப் போய் நிகத் என்ற வக்கீலைப் பார்த்தேன். அங்கே உங்களுக்காக வாதாடும் வக்கீலோடு அவர்தான் பேசிவருகிறார்.

“தெரிஞ்சேதான் கொண்டுபோனார்னு ஆயிட்டா வருசக்கணக்கா உள்ள இருக்கணுங்க அக்கா. நீங்க வெச்சதுன்னு எழுதிக் குடுக்கலாம். ஆனா உங்க மேலயும் கேஸ் வரலாமுங்க.”

எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபப்படுவீர்கள். படுங்கள்.

வியாழக்கிழமை விசாரணை. பெட்டி மூடியின் உள்ஜிப்பில் நானும் ஜெர்லினும் ஒட்டி வைத்த கவர் ஒன்று இருக்கிறது. இறங்கியதுமே உங்களைப் பிடித்துவிட்டதால் நீங்கள் அதைப் பார்த்திருக்க வழியில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று வக்கீலுக்கு எழுதியிருக்கிறேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

அந்தக் கவருக்குள் என்ன என்று நீதிபதி கேட்டால், எனக்காக எதையும் ஜோடித்துச் சொல்ல வேண்டாம். தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பாருங்கள்.

உங்கள் பெட்டியைக் கட்டியவள்