எண்ணெய்த் துணி

செவ்வாய்க்கிழமை, இரவு

மகள் படிப்பதற்காக நானே செய்த மேசைக்கு இன்று மத்தியானம் எண்ணெய் பூசி முடித்தேன். பதுளையில் வாங்கி வந்த லின்சீட் ஆயில், ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணிகளைச் சுருட்டி, மரச் சீவல் இருந்த சாக்கில் திணித்து, தோட்டத்து லயத்தில் எங்கள் அறையின் மூலையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

சாயந்தரம் திரும்பி வந்து வாசலில் கால் வைக்கும்போதே மனைவி செல்வி கூப்பிட்டாள். "என்னங்க, அந்தச் சாக்கு புகையுது."

அடுப்புகூட இன்னும் பற்றவைக்கவில்லை. சாக்கைத் தொட்டால் சுட்டது. வெளியே இழுத்துப் போட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றி அணைத்தேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றும் என்று இன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு முருகேசு அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, குப்பை எரிக்கிறியா?"

"ஆமாண்ணே" என்றுவிட்டேன்.

அப்புறம் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தேன். வரிசையாக ஒட்டிய வீடுகள், லயம் முழுக்க ஒரே கூரை. அந்த மூலைச் சுவருக்கு மறுபக்கம்தான் முருகேசு அண்ணனின் நடக்க முடியாத அம்மா படுத்திருக்கிறார். அண்ணனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, போய்ப் படு" என்றார், அவ்வளவுதான்.

இப்போது சுவருக்கு அப்பால், அம்மாவின் கட்டிலை அந்த மூலையை விட்டுத் தள்ளி இழுக்கிற சத்தம் கேட்கிறது. செல்வியும் கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.